சாகாத தேனீயையும் கணக்கில் எடுங்கள்: பூச்சிக்கொல்லிப் பதிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தலைவரும் உறுப்பினர்களும், பதிவுக் குழு (பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968), ஃபரீதாபாத்.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

இந்த நாட்டில் எந்தப் பூச்சிமருந்து கடைக்கு வரலாம், எந்தப் பயிருக்கு எவ்வளவு அடிக்கலாம் என்பதெல்லாம் உங்கள் மேசையைத் தாண்டித்தான் வருகிறது. நான் ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன். திண்டுக்கல் பக்கம் முருங்கைத் தோட்டத்து ஓரத்தில் சில தேன்பெட்டிகள் வைத்திருக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். நரம்பைத் தாக்கும் மருந்தைப் பதிவு செய்யும்போது எத்தனை தேனீ செத்தது என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பிழைத்துக் கிடந்த தேனீ கூடு திரும்பியதா என்றும் கேளுங்கள்.

செத்ததை எண்ணுவது ஏன் வழக்கமாயிற்று என்பது புரியாமல் இல்லை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துபோன உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு நடந்த விசாரணைகளின் வழியாகத்தான் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. சாவைப் பார்த்துப் பிறந்த சட்டம் சாவை அளந்ததில் வியப்பில்லை. ஆனால் சட்டத்தின் வாசகம் அதைவிட விரிவானது. ஒன்பதாம் பிரிவு, ஒரு மருந்து மனிதருக்கும் விலங்குகளுக்கும் பாதுகாப்பானது என்று நீங்கள் மனநிறைவு அடைந்த பிறகே பதிவு செய்யலாம் என்கிறது. மூன்றாம் பிரிவு, மனிதருக்குப் பயன்படும் விலங்குகளையே விலங்கு என்ற சொல்லுக்குள் வைக்கிறது. மீனையும் கோழியையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. வெள்ளரியும் பாகலும் சூரியகாந்தியும் காய்பிடிக்க உழைக்கும் தேனீயைவிடப் பயன்படும் விலங்கு எது? ஆகவே நான் கேட்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2020-இல் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா சட்டமாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டப்பாவில் உள்ள முக்கோணத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊர் விவசாயிக்கு உங்கள் வேலை கண்ணில் படுவது அந்த இடத்தில்தான். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. வாய்வழியாகக் கொடுத்தால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து எலிக்கு ஏறத்தாழ 450 மில்லிகிராம், அதாவது மஞ்சள் வகை. தேனீக்கோ, பதிவான வாய்வழி அளவீடுகளில் மிகக் குறைந்தது ஒரு தேனீக்கு 3.7 நானோகிராம். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. தேனீயின் எடை சுமார் 100 மில்லிகிராம் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால், எடைக்கு எடை எலியைவிடத் தேனீக்குப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் நஞ்சு அது. முக்கோணத்தின் நிறத்தில் இதற்கு இடமில்லை. மனிதரை எச்சரிக்க வைத்த நிறம் அது, சரிதான். ஆனால் மருந்து வாங்கும் ஆள் கண்ணில் முதலில் படும் எச்சரிக்கையும் அது மட்டுமே.

இதுவும் சாவுக் கணக்குதான். என் கவலை அதற்குக் கீழே இருக்கும் அளவுகளைப் பற்றியது.

இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம், குளோத்தயனிடின் மூன்றும் நியோனிகோட்டினாய்டு குடும்பம். புகையிலையின் நிகோட்டின் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறதோ அதே இடத்தில், அசிட்டைல்கோலினுக்கான ஏற்பிகளில், இவையும் ஒட்டிக்கொள்கின்றன. பூச்சியின் மூளையில் ஒரு நரம்புச்செல் இன்னொன்றைத் தூண்டப் பெரிதும் நம்பியிருப்பது அசிட்டைல்கோலினைத்தான். தேனீயின் மூளையில் உள்ள நரம்புச்செல்கள் சுமார் பத்து லட்சம். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காளான் உடலங்கள் எனப்படும் பகுதியில் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. எந்தப் பூவில் தேன் கிடைத்தது, அதன் வாசனை என்ன, வரும் வழியில் எந்த மரத்தைத் தாண்டினோம் என்பதெல்லாம் சேர்ந்து நினைவாவது அங்கேதான். 2013-இல் டண்டீ, நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் செல்களிலிருந்தே மின்துடிப்புகளைப் பதிவு செய்தார்கள். இமிடாகுளோபிரிடும் குளோத்தயனிடினும் பட்டதும் செல்கள் முதலில் தூண்டப்பட்டன, பிறகு துடிப்பை அனுப்ப முடியாமல் அடங்கிவிட்டன. தேனீப் பெட்டிக்குள் உண்ணிக்காகப் பயன்படுத்தும் கூமாஃபாஸ் என்ற ஆர்கனோபாஸ்பேட்டிலிருந்து உருவாகும் பொருளும் அதே வேலையைச் செய்தது. இரண்டும் சேர்ந்தபோது பாதிப்பு கூடியது. செல் சாகவில்லை, அதன் வேலைதான் நின்றது. உங்கள் படிவத்தில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை.

வெளியே பறக்கும்போது இது எப்படித் தெரியும் என்பதை அதற்கு முந்தைய ஆண்டே பிரான்ஸின் அவிஞோன் ஆய்வுக்குழு காட்டியிருந்தது. 653 தேனீக்களின் முதுகில் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டினார்கள். ஒரு பகுதிக்குச் சர்க்கரைக் கரைசலில் 1.34 நானோகிராம் தயோமீத்தாக்சம் கொடுத்தார்கள். கொல்லும் அளவு சுமார் 5 நானோகிராம் என்பதால் இது அதில் கால்பங்கு. பிறகு கூட்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். கூட்டின் வாசலில் இருந்த கருவி, திரும்பி வந்தவற்றை எண்ணியது. பழகிய இடத்திலிருந்து விட்டவற்றில் மருந்தின் காரணமாகவே திரும்பாதவை சுமார் 10 சதவீதம். பழகாத இடம் என்றால் சுமார் 32 சதவீதம். ஆய்வகக் கூண்டில் வைத்திருந்தால் இந்தத் தேனீக்களில் பெரும்பாலானவை பிழைத்த பட்டியலில் வந்திருக்கும். கூண்டுத் தேனீக்கு வழி தவறும் வாய்ப்பே கிடையாது. குடித்தவன் சாகவில்லை என்பதால் அவன் வீடு போய்ச் சேர்ந்தான் என்று ஆகிவிடுமா?

வழக்கமான தேனீச் சோதனை 48 மணி நேரம், சாவு கூடிக்கொண்டே போனால் 96 மணி நேரம். நடத்தையில் மாற்றம் தெரிந்தால் குறித்துக்கொள்ளும்படி சர்வதேச நெறிமுறையும் சொல்கிறது. ஆனால் கடைசியில் கோப்பில் நிற்பது ஒரே எண்: பாதியைக் கொல்லும் அளவு.

கூட்டுக்குள்ளேயே வாழ்க்கை எப்படிக் குலைகிறது என்பதை 2018-இல் ஒரு ஆய்வு கிட்டத்தட்டப் படம்பிடித்தே காட்டியது. குளிர்நாடுகளில் வாழும் பம்பிள் தேனீக்கள் ஒவ்வொன்றின் மீதும் சின்னக் குறியட்டை ஒட்டி, இரவும் பகலும் கேமராவால் பின்தொடர்ந்தார்கள். இமிடாகுளோபிரிட் உண்டவை அசையாமல் ஓரம் ஒதுங்கின, குஞ்சுகளைக் கவனிப்பது குறைந்தது, இரவில் பாதிப்பு இன்னும் அதிகம். குளிர் கூடினால் புழு அறைகளுக்கு மேல் மெழுகுக் கூரை வேயும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. மருந்துண்ட கூடுகள் அதைச் செய்யவில்லை. 2012-இல் ஸ்டெர்லிங் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், மருந்துண்ட பம்பிள் தேனீக் கூடுகள் புதிய ராணிகளை உருவாக்குவது 85 சதவீதம் குறைந்திருந்தது. வேலைக்காரத் தேனீக்கள் கொத்துக் கொத்தாகச் செத்து விழவில்லை. அடுத்த ஆண்டுக்கான கூடுகள்தான் இல்லாமல் போயின.

இதெல்லாம் சீமைத் தேனீ, நம் ஊருக்குப் பொருந்துமா என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் வளர்ப்பது ஏபிஸ் செரானா, நம் பொந்துகளில் வாழும் இந்தியத் தேனீ. சீனாவின் யுன்னானில் இதே இனத்தை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. தீனிக் கிண்ணத்தில் தேனீயைத் தின்னும் பெருங்குளவியைக் கட்டி வைத்தார்கள். மருந்து உண்ணாத தேனீக்கள் அந்தக் கிண்ணத்தைப் பெரும்பாலும் தவிர்த்தன. இமிடாகுளோபிரிட் கூடுதலாக உண்டவை குளவி இருக்கும் கிண்ணத்துக்கும் இல்லாத கிண்ணத்துக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. 2015-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் நெருக்கமானது: பூச்சிமருந்து மிகுந்த வயல்வெளிகளில் வாழும் நம் இந்தியத் தேனீக்களையே பிடித்துப் பார்த்து, அவற்றின் மோப்பத்திறன் குன்றியிருந்ததைக் கண்டார்கள். நம் நாட்டு மண், நம் நாட்டுத் தேனீ, நம் நாட்டு ஆய்வகம்.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த ஆய்வு வேறொன்று. தேனீக்கு மருந்து பிடிக்காது, வாசனை பார்த்து விலகிப்போகும் என்று பலரும் சமாதானம் சொல்வார்கள். வகுப்பில் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்பார்கள். 2015-இல் நியூகாசில் ஆய்வாளர்கள் வெறும் சர்க்கரைக் கரைசலையும், இமிடாகுளோபிரிடோ தயோமீத்தாக்சமோ கலந்த கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தேனீக்கள் மருந்து கலந்ததையே அதிகம் நாடின. வாயில் உள்ள சுவை நரம்புகளில் மின்பதிவு எடுத்துப் பார்த்தால், அந்த மருந்துகளுக்கு அவை பதில் சொல்லவே இல்லை. அதாவது சுவை தெரியாது, ஆனாலும் அதைத்தான் தேடிப் போகும். பக்கத்தில் மருந்து படாத பூ இருந்தால் போதும், தேனீ அங்கே போய்விடும் என்ற நம்பிக்கையில் யாராவது விதி எழுதியிருந்தால் அதைத் திரும்பப் படிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கச் சான்றையும் மறைக்க விரும்பவில்லை. 2015-இல் சுவீடனில் குளோத்தயனிடின் பூசிய விதையில் வளர்ந்த கடுகு இன வயல்களில் பம்பிள் தேனீயும் தனித்து வாழும் தேனீயும் அடிவாங்கின. வளர்ப்புத் தேனீக் கூடுகளில் அப்படிக் குறிப்பிடத்தக்க பாதிப்பு தெரியவில்லை. 2017-இல் ஹங்கேரி, ஜெர்மனி, பிரிட்டன் மூன்று நாடுகளில் நடந்த பெரிய வயல் ஆய்வில், குளோத்தயனிடின் வயல்களை ஒட்டிய ஹங்கேரிக் கூடுகளில் அடுத்த வசந்தத்தில் வேலைக்காரத் தேனீக்கள் 24 சதவீதம் குறைந்தன. ஜெர்மனியில் அந்தத் தீங்கு தென்படவில்லை. உற்பத்தியாளர்கள் ஜெர்மனியைக் காட்டுவார்கள், என்னைப் போன்றவர்கள் ஹங்கேரியைக் காட்டுவோம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால் கிடைப்பது வேறு: சுற்றுப்புறம், நோய், வேறு தீனி கிடைப்பது ஆகியவற்றைப் பொறுத்து விளைவு மாறுகிறது. அப்படியானால் ஐரோப்பியத் தேனீயை வைத்து ஐரோப்பிய வயலில் எடுத்த அறிக்கையை நம் மருந்துக்குச் சான்றாக ஏற்றுக்கொள்வது எந்த வகையில் போதும்?

ஐரோப்பாவும் ஒரே நாளில் முடிவுக்கு வரவில்லை. 1990-களில் பிரான்ஸின் சூரியகாந்திப் பகுதிகளில் தேனீ வளர்ப்பவர்கள்தான் முதலில் சத்தம் போட்டார்கள்: தேனீ போகிறது, வருவதில்லை என்று. 1999-இல் பிரான்ஸ் சூரியகாந்தி விதைக்கு இமிடாகுளோபிரிட் பூசுவதை நிறுத்தி வைத்தது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் மூன்று மருந்துகளையும் தேனீ நாடும் பயிர்களில் கட்டுப்படுத்தியது. 2018-இல் நிரந்தரப் பசுமைக்குடில்களுக்கு வெளியே பயன்படுத்துவதையே தடை செய்தது. இங்கே 27 மருந்துகளைத் தடை செய்ய மத்திய வேளாண் அமைச்சகம் 2020-இல் வரைவு ஆணை வெளியிட்டபோது, அந்தப் பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

தேனீயோடு நிற்கும் விஷயமும் அல்ல. வட அமெரிக்காவின் வெண்முடிச் சிட்டுகளுக்கு, மருந்து பூசிய சில விதைகளைக் கொத்தினாலே உடலில் சேரக்கூடிய அளவு இமிடாகுளோபிரிட் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரத்தில் உடல் எடையில் 6 சதவீதம் போயிற்று. வலசை கிளம்பும் நாள் மூன்றரை நாள் தள்ளிப்போனது. சால்மன் மீன்கள், காயம்பட்ட சக மீனின் வாசனை வந்தால் அசையாமல் நின்றுவிடும். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் டயாசினான் என்ற பூச்சிமருந்து இருந்தபோது அவை பயமில்லாமல் நீந்திக்கொண்டும் தின்றுகொண்டும் இருந்தன. வேட்டை மீனின் வாய்க்கு இதைவிட வசதி வேண்டாம்.

மூல எண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சினை எலிகளுக்குக் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்து, குட்டிகளின் மூளை வளர்ச்சியையும் நடத்தையையும் பார்த்த ஆய்வொன்றைத் தயாரிப்பு நிறுவனத்தின் செலவிலேயே 1998-இல் முடித்தார்கள். குறைந்த அளவுகளில் மூளை வளர்ச்சிக்குக் குறிப்பான பாதிப்பு இல்லை என்பது அறிக்கையின் முடிவு. பின்னாளில் சுவீடன் ஆய்வாளர் ஆக்செல் மீயும் சக ஆய்வாளர்களும் அந்த ஆய்வின் மூல எண்களைப் பெற்று அலசினார்கள், 2018-இல் வெளியிட்டார்கள். மூளை எடையோடு ஒப்பிட்டால், சிறுமூளையின் உயரம் மிகக் குறைந்த அளவு கொடுத்த குட்டிகளிலும் சுருங்கியிருந்தது. எண்கள் கோப்பிலேயே இருந்தன, முடிவுரையில்தான் இல்லை. 2020-இல் ஐரோப்பா அந்த மருந்தின் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. 2025-இல், நீடித்துத் தங்கும் நச்சுப்பொருள்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, சில விலக்குகளோடு, அதை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் வெளியாள் ஒருவர் அந்த எண்களைப் பார்க்க முடிந்திருந்தால்? உங்களிடம் வரும் நரம்பு, நடத்தை ஆய்வுகளின் மூல எண்கள் வணிக ரகசியம் என்ற உறைக்குள் போய்விடக் கூடாது என்று கேட்பது இதனால்தான். மருந்தைத் தயாரிக்கும் முறை ரகசியமாக இருக்கட்டும். எலிக்குட்டியின் மூளை அளவு யாருடைய ரகசியம்?

பெட்டி காலியானதற்கெல்லாம் மருந்தையே குற்றம் சொல்லும் ஆள் நான் இல்லை. நம் இந்தியத் தேனீ எறும்பு வந்தாலும் ஓடும், மெழுகுப்பூச்சி வந்தாலும் ஓடும், பூ இல்லாவிட்டாலும் ஓடும். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியக் கூடுகளை வாரிக்கொண்டு போனது தாய்லாந்துப் பைப்புழு வைரஸ். அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. விவசாயியும் ஆசைப்பட்டு அடிப்பதில்லை. வெள்ளை ஈயும் தத்துப்பூச்சியும் வந்தால் பருத்தியும் மாவும் என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லப்போனால், காரணங்கள் இத்தனை இருப்பதால்தான் சோதனை வேண்டும் என்கிறேன். கூட்டம் ஏன் போயிற்று என்று தோட்டத்தில் நின்று கண்டுபிடிக்க என்னால் முடியாது. திரும்பாமல் போன தேனீ எங்கேயும் பிணமாகக் கிடைப்பதில்லை.

பூக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள் என்று சீட்டில் அச்சடித்தால் கடமை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வெண்டை பூத்துக்கொண்டே காய்க்கும் பயிர். ஒரு பக்கம் காய் பறிப்பு, மறுபக்கம் பூ. அதில் பூக்காத நேரம் எது? விதையில் பூசும் மருந்துக்கு இந்த வாசகம் சுத்தமாகப் பொருந்தாது. அது செடியின் சாற்றோடு ஏறி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வருகிறது, மண்ணிலும் மாதக்கணக்கில் தங்குகிறது.

சோதனை முறை எங்கே இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது. கொல்லாத அளவில் மருந்து கொடுத்து, சில்லு ஒட்டி, தேனீ கூடு திரும்புகிறதா என்று பார்க்கும் முறைக்கு, வேதிப்பொருள் சோதனை நெறிமுறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2021-இல் வழிகாட்டி ஆவணமே வெளியிட்டுவிட்டது, எண் 332. அது சீமைத் தேனீக்காக எழுதப்பட்டது. நம் தேனீ உருவத்தில் சிறியது, இரை தேடிப் போகும் தூரமும் குறைவு, ஆகவே சில்லின் எடையையும் விடும் தூரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அதைச் செய்து பார்க்க இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் தேனீக்களுக்கும் மகரந்தச் சேர்க்கை உயிர்களுக்கும் என்றே ஓர் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் இயங்குகிறது. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாசனையைப் பழக்கி, நாக்கை நீட்டுகிறதா என்று பார்க்கும் கற்றல் சோதனைக்குச் செலவும் அதிகமில்லை. கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம்.

ஆகவே, நரம்பு மண்டலத்தில் வேலை செய்யும் எந்தப் புதிய மருந்துக்கும் இந்தியத் தேனீயில் கூடு திரும்பும் சோதனையும் கற்றல் சோதனையும் கட்டாயம் என்று உங்கள் வழிகாட்டு நெறிகளில் சேருங்கள். ஏற்கெனவே பதிவான இமிடாகுளோபிரிட், தயோமீத்தாக்சம், குளோத்தயனிடின் மூன்றையும், தேனீயை நம்பிக் காய்க்கும் பயிர்களிலிருந்து தொடங்கி, இதே அளவுகோலில் மறுபடி பாருங்கள். மூன்றையும் நாளைக்கே தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. மறுபரிசீலனை எந்த முடிவைச் சொல்கிறதோ அதன்படி நடக்கட்டும். முடிவை மட்டும் அல்ல, எண்களையும் வெளியிடுங்கள்.

உங்கள் கூட்டக் குறிப்புகள் இணையத்தில் வருகின்றன. எந்த நிறுவனத்தின் எந்தக் கலவைக்கு அனுமதி என்பதெல்லாம் வரிசை எண் போட்டு அதில் இருக்கும். அடுத்து வரும் கூட்டங்களில் ஒன்றில் இந்தக் கோரிக்கையையும் ஒரு பொருளாக வைத்து, ஏற்றுக்கொண்டால் எந்த நாளிலிருந்து என்பதையும், மறுத்தால் என்ன காரணம் என்பதையும் அதே குறிப்பில் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர், தேனீ வளர்ப்பவர்